திண்டுக்கல்லில் ஒரு வரி ஆலோசகர் ஆபீஸ்: ஹார்டுவேர் கடைக்காரி ஒருத்தியின் அனுபவம்

எங்கள் கடை திண்டுக்கல்லில். சிமெண்ட், கம்பி, பிவிசி பைப், பெயிண்ட், கொஞ்சம் எலெக்ட்ரிக்கல் சாமான். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். வரிக் கணக்கை எங்களுக்குப் பார்த்துக்கொடுக்கும் ஆபீஸ் நாகல் நகர் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. தெரிந்த கடைக்காரர்கள் பலர், "உங்க ஆடிட்டர் எப்படி, சேரலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. பெயரைப் போட வேண்டாம் என்று ஆபீஸை நடத்தும் சார் சொல்லிவிட்டார், இருக்கிற பார்ட்டிகளைக் கவனிக்கவே ஆள் போதவில்லையாம். நேரில் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள், தங்கள் ஆலோசகர் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்கலாம்.

எல்லோரும் ஆடிட்டர் என்று கூப்பிட்டாலும் சார் சிஏ இல்லை. விற்பனை வரிக் காலத்து எஸ்டிபி, அதாவது சேல்ஸ் டாக்ஸ் பிராக்டிஷனர். தமிழ்நாட்டின் 1959 விற்பனை வரிச் சட்டத்தில் தொழில் கற்றவர். வெளிமாநிலக் கொள்முதலுக்கான சி ஃபார்ம், செக்போஸ்ட், மாதாமாதம் ரிட்டர்னைக் கையில் எழுதி வணிகவரி அலுவலகத்தில் சீல் வாங்குவது, வருடக் கடைசியில் கணக்குப் புத்தகங்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு அசெஸ்மெண்டுக்குப் போவது, இதுதான் அன்றைய வேலை. 2007 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. ஜிஎஸ்டியில் பிராக்டிஷனராகத் தொடர வேண்டும் என்றால் அவரைப் போன்ற பழைய ஆட்களும் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று விதி. அவர் வயதுக்காரர்களில் சிலர் அதோடு தொழிலை விட்டுவிட்டார்கள். சார் பேரன் வயதுப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதித் தேறினார். அந்தச் சான்றிதழ் இன்னும் அவர் மேஜைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

அவர் சொல்வது: "முன்னாடி ஆபீசரைப் பார்த்து நாலு வார்த்தை பேசினா விஷயம் புரியும்மா. இப்ப ஆபீசர் பார்க்கறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் பார்த்துடுது. அதனால நாம அதுக்கும் முன்னாடி பார்த்துடணும்." இந்த ஆபீஸ் மற்ற இடங்களிலிருந்து வேறுபடுவது இங்கேதான். ரிட்டர்ன் போட்டுத் தர ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள், 500 ரூபாய்க்கும் போடுகிறார்கள். ஒரு ரிட்டர்னுக்கும் அடுத்த ரிட்டர்னுக்கும் நடுவில் உட்கார்ந்து நம் கணக்கைப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரின் பேக்கப்பும் கொள்முதல் பில்களும் போய்ச் சேர வேண்டும். 11ஆம் தேதிக்குள் நம் விற்பனை பில்களை ஏற்றும் ஜிஎஸ்டிஆர்-1. 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிப் போடும் 3பி ரிட்டர்ன். நடுவில் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி வந்துவிடும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் எங்கள் ஜிஎஸ்டி நம்பரில் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. 2022 ஜனவரியிலிருந்து அந்தப் பட்டியலில் இருக்கிற பில்லுக்குத்தான் இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. நாம் பணம் கட்டி, பில் கையில் இருந்தாலும், விற்றவர் ஏற்றவில்லை என்றால் கிரெடிட் கிடையாது. 14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் எங்கள் பில் ஒவ்வொன்றையும் 2பியோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை மஞ்சள் கலரில் குறித்து ஒரு எக்செல் அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் யாருக்குப் பணத்தை நிறுத்திவைக்க வேண்டும், யாருக்குப் போன் போட வேண்டும் என்று முடிவு செய்கிறேன். பில்லை ஏற்றாத பைப் டீலருக்கு, "ஏத்திட்டுச் சொல்லுங்கண்ணே, பேலன்ஸ் அனுப்பிடறேன்" என்று சொன்னால் மறுநாளே ஏறிவிடுகிறது.

2024 அக்டோபரில் போர்ட்டலில் ஐஎம்எஸ் (இன்வாய்ஸ் மேனேஜ்மெண்ட் சிஸ்டம்) என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விற்றவர் ஏற்றும் பில்லை நாம் ஏற்கலாம், மறுக்கலாம், நிலுவையில் வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். பல ஆபீஸ்களில் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, தானாகத்தான் ஏறிவிடுகிறதே என்று. இங்கே எங்கள் கணக்கைப் பார்க்கும் பெண் ஒரு நாள் போன் செய்தாள். "அக்கா, மோர்பியிலேருந்து டைல்ஸ் இறக்கினீங்களா?" மோர்பி குஜராத்தில் இருக்கிறது, நாங்கள் டைல்ஸே விற்பதில்லை. "இல்லியேம்மா, ஏன்?" "உங்க நம்பர்ல ஒரு ஐஜிஎஸ்டி பில், வெளிமாநில பில், ஏறியிருக்கு. வேற யாரோட பில்லோ மாறி ஏறியிருக்கும்போல. ரிஜெக்ட் பண்ணிடறேன், நீங்க ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க." கேட்க ஐந்து நிமிட வேலை. அதை அப்படியே விட்டிருந்தால், வாங்காத சரக்குக்கு எங்கள் கணக்கில் கிரெடிட் ஏறியிருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து அதை வட்டியோடு கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும்போது, யார் எதற்கு ஏற்றினார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்?

சிமெண்ட் வியாபாரத்தில் கிரெடிட் நோட் ஒரு தனிப் பிரச்சினை. கம்பெனிகள் வருடம் முழுக்க டார்கெட், டிஸ்கவுண்ட் என்று கிரெடிட் நோட் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். சிலவற்றில் ஜிஎஸ்டியும் சேர்த்துக் குறைத்திருப்பார்கள், அதற்கு நாம் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். சிலவற்றில் பணம் மட்டும் குறையும், வரியைத் தொட மாட்டார்கள், அதற்குத் திருப்ப வேண்டியதில்லை. இரண்டையும் கலந்து எழுதிவைத்தால் கணக்கு எந்தக் காலத்திலும் டேலி ஆகாது. இவர்கள் இரண்டுக்கும் டேலியில் தனித்தனி லெட்ஜர் போடச் சொன்னார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எங்களுக்கு இதற்கு முன் கணக்குப் பார்த்தவர் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை.

இந்த ஆபீஸின் தரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது 2025 செப்டம்பரில். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 22ஆம் தேதியிலிருந்து சிமெண்டுக்கு 28 சதவீதம் 18 ஆகும் என்று அறிவித்துவிட்டது. அன்றிலிருந்து வீடு கட்டுகிறவர்கள் மூட்டை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். குடோன் நிறைய 28 சதவீதம் கட்டி வாங்கிய சரக்கு. பத்து சதவீதம் கைவிட்டுப் போய்விடும் என்று கடைக்காரர்கள் எல்லோருக்கும் பயம். சார் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கட்டடச் சாமான் கடைக்காரர்களை மட்டும் ஆபீசுக்கு வரச் சொன்னார். நாற்காலி போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒரு வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு மூட்டையை வைத்துக் கணக்குப் போட்டார்.

வாங்கிய விலை 300, வரி 84. விற்கிற விலை 315 என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் வரி 88 ரூபாய் 20 காசு, வாங்குகிறவருக்கு 403 ரூபாய் 20 காசுக்குக் கொடுப்போம். புதுக் கணக்கில் வரி 56 ரூபாய் 70 காசு, விலை 371 ரூபாய் 70 காசு. வாங்குகிறவருக்கு மூட்டைக்கு 31 ரூபாய் 50 காசு குறைகிறது. நமக்கு? லாபம் அதே 15 ரூபாய்தான். கட்டிய 84-இல் 56 ரூபாய் 70 காசு கழிந்து, மீதி 27 ரூபாய் 30 காசு கிரெடிட் லெட்ஜரில் அப்படியே நிற்கும். கம்பியும் பைப்பும் பெயிண்டும் விற்கும்போது கட்ட வேண்டிய வரிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பணமாகக் கைக்கு வராது, ஆனால் தொலைந்தும் போகாது. பலகையில் அந்த நாலு வரியைப் பார்த்த பிறகுதான் அங்கே இருந்தவர்களுக்கு மூச்சே வந்தது. சிமெண்ட் மட்டும் விற்கும் ஒருவர், "எனக்கு எதுல சார் கழிக்கறது?" என்று கேட்டார். சார் மழுப்பவில்லை. "உங்களுக்குக் கொஞ்ச நாள் தேங்கும். அதே பொருளுக்கு ரேட் குறைஞ்சதால நிக்கற கிரெடிட்டை ரீஃபண்டா கேட்க முடியாது. மெதுவாத்தான் கரையும். அடுத்த லோடைக் கொஞ்சம் தள்ளி வாங்குங்க" என்று நேராகச் சொன்னார்.

அன்றே இன்னொன்றும் சொன்னார். ஒரு கான்ட்ராக்டர் 18ஆம் தேதியே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், லோடும் பில்லும் 23ஆம் தேதி என்றால் எந்த ரேட்? பணம் முன்னாலேயே வந்துவிட்டதால் 28 என்றுதான் பாதிப் பேர் நினைத்திருந்தோம். சரக்கும் பில்லும் இரண்டுமே மாற்றத்துக்குப் பின்னால் என்றால் புது ரேட்தான் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவை வாசித்துக் காட்டினார். இரவு குடோன் ஸ்டாக்கை எண்ணி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்து ஒரு நகல் அவர்களிடம் கொடுத்தோம். டேலியில் 22ஆம் தேதியிலிருந்து புது ரேட்டை அந்தப் பெண் தூரத்திலிருந்தே மாற்றிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் முதல் பில்லே 18 சதவீதத்தில் போனது. இதற்கெல்லாம் அவர்கள் தனியாகப் பணம் வாங்கவில்லை.

அடுத்து நோட்டீஸ் விஷயம். இப்போதெல்லாம் நோட்டீஸ் தபாலில் வருவதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. போர்ட்டலில் கூடுதல் நோட்டீஸ்கள் என்று ஒரு மூலையில் ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பார்க்காமலே ஆர்டர் வரைக்கும் போய், பேங்க் அக்கவுண்ட் முடக்கப்பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஏகப்பட்ட வழக்குகள் போய், மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஆபீஸில் ஒவ்வொரு பார்ட்டியின் அந்தப் பக்கத்தையும் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கவே ஓர் ஆள் இருக்கிறார்.

எங்களுக்கு 2018-19க்கு ஒரு நோட்டீஸ் வந்தது அப்படித்தான் தெரிந்தது. நாங்கள் எடுத்த கிரெடிட்டுக்கும், 2பிக்கு முன்பிருந்த அதே மாதிரியான 2ஏ பட்டியலுக்கும் லட்சத்துச் சொச்சம் வித்தியாசம். தேடிப் பார்த்ததில், கோயம்புத்தூர் சப்ளையர் ஒருவர் எங்கள் பில்களைச் சில்லறை விற்பனையோடு சேர்த்து ஏற்றியிருந்தார். வரியை அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டார், எங்கள் நம்பர் மட்டும் விழவில்லை. ஜிஎஸ்டியின் முதல் இரண்டு வருடத்துக்கு இப்படிப்பட்ட குழப்பத்தைத் தீர்க்கவே 2022 டிசம்பரில் 183ஆம் நம்பர் சர்க்குலர் போட்டிருக்கிறார்கள். ஒரு சப்ளையர் விஷயத்தில் வித்தியாசம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அவரே சான்று எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் என்றால் சிஏ சான்று வேண்டும். சார் அந்தச் சான்றுக்கான வாசகத்தை டைப் செய்து கொடுத்தார். சப்ளையரிடம் கையெழுத்து வாங்கி, பில், பேங்க் ஸ்டேட்மெண்ட், லாரி ரசீது எல்லாம் வரிசையாக வைத்துப் பதில் போட்டார். நேர் விசாரணைக்கும் அவரே போனார். அதோடு அதிகாரிகள் நோட்டீஸைக் கைவிட்டார்கள். இதற்கு ஃபீஸ் தனி. கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

பதில் எழுதும் வேலையில் இப்போது ஏஐயும் வந்துவிட்டது. ஆபீஸில் இருக்கும் பிள்ளைகள் முதல் வரைவை அதில்தான் போடுகிறார்கள், சார் தடுக்கவில்லை. ஆனால் அதில் வரும் ஒவ்வொரு பிரிவு எண்ணையும் தீர்ப்பையும் மூலத்தில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயத்தின் உத்தரவிலேயே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்து, அந்த உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாகிவிட்டது. அந்தச் செய்தியை அச்செடுத்து எல்லோர் மேஜையிலும் ஒட்டியிருக்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர் புதுசைக் கண்டு பயப்படாமலும் அதில் மயங்காமலும் இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. 18, 19, 20 தேதிகளில் அந்த ஆபீஸில் யாரையும் பிடிக்க முடியாது. லாரியில் சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் பற்றி அவசரமாக ஒரு சந்தேகம் கேட்டால்கூட வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் மறுநாள்தான். போர்ட்டல் அந்த நாட்களில் திணறும் என்பது உண்மைதான், அதற்காகப் போனையே எடுக்காமல் இருக்கலாமா? அந்த மூன்று நாளைக்கு ஒருவரைத் தனியாக வையுங்கள் என்று நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஆள் மாறுவது அதைவிடப் பெரிய தொல்லை. பிகாம் முடித்த பெண்கள் சேருகிறார்கள், நன்றாகத் தேறுகிறார்கள், அப்புறம் கல்யாணமாகியோ கோயம்புத்தூர், சென்னை கம்பெனிகளுக்கோ போய்விடுகிறார்கள். புதிதாக வருபவரிடம் எங்கள் கிரெடிட் நோட் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் பாதிப் பேராவது நிற்பார்கள் என்பது என் எண்ணம். அந்த வேலையின் சுமை என்ன என்று ஒரு 19ஆம் தேதி சாயங்காலம் போய்ப் பார்த்தால் தெரியும்.

வருமான வரிப் பக்கம் ஜிஎஸ்டி அளவுக்குக் கூர்மை இல்லை. கடைக் கணக்கு சரி, 3பியில் காட்டிய விற்பனையும் வருமான வரியில் காட்டுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். ஜிஎஸ்டி டர்னோவர் ஏஐஎஸ்ஸிலேயே (வருமான வரித் துறை நம்மைப் பற்றித் திரட்டி வைத்திருக்கும் வருடத் தகவல் அறிக்கை) தெரிவதால் அது கட்டாயமும்கூட. ஆனால் அம்மாவின் ரிட்டர்னில் மியூச்சுவல் ஃபண்ட் விற்றதை விட்டுவிட்டார்கள். ஏஐஎஸ்ஸில் தெளிவாக இருந்தது. நான் பார்த்துக் கேட்ட பிறகு திருத்திய ரிட்டர்ன் போட்டார்கள். ஷேர், ஃபண்ட், வெளிநாட்டு வருமானம் என்று இருப்பவர்கள் அதற்கென்று ஒரு சிஏவைப் பார்ப்பது நல்லது. டாக்ஸ் ஆடிட் தேவைப்படுகிறவர்களைச் சாரே ஒரு சிஏவிடம் அனுப்பிவிடுகிறார்.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம். 1961 சட்டத்துக்குப் பதிலாக 536 பிரிவுகள், முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் வரி ஆண்டு என்று ஒன்றே ஒன்று. இதற்காக ஆபீஸில் சனிக்கிழமை மாலைகளில் வகுப்பு நடத்தினார்கள். பழைய பிரிவுக்குப் புதுப் பிரிவு எது என்று ஒரு பெரிய அட்டவணை சுவரில் இருக்கிறது. 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான், அதனால் கொஞ்ச காலத்துக்கு இரண்டையும் தலையில் வைத்திருக்க வேண்டும் என்றார் சார். சலிப்பாகச் சொல்லவில்லை. நாலாவது முறையாகப் புதுச் சட்டம் படிக்கிறார், இன்னும் ஆர்வமாகத்தான் படிக்கிறார்.

ஃபீஸ் மாதம் 3,000 ரூபாய். முன்பு 1,500 இருந்தது, ஐஎம்எஸ் வந்த பிறகு வேலை கூடிவிட்டது என்று ஏற்றினார்கள். எங்கள் அளவுக் கடைக்கு இது நியாயம் என்பேன். மாதம் பத்துப் பதினைந்து பில் மட்டும் போடுகிற சின்னக் கடைக்கு அதிகம், அவர்கள் காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருந்தால் இவ்வளவு வேலையே இல்லை. பில்களை 18ஆம் தேதி பையில் போட்டுக் கொண்டுவந்து கொட்டும் பழக்கம் உள்ளவர்களையும் இவர்கள் சேர்ப்பதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள், அடுத்த மாதம் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். 5-க்கு நான் 4 கொடுக்கிறேன். அந்த ஒன்று, 20ஆம் தேதி போனுக்காக.

சேர நினைக்கிறவர்கள் 23ஆம் தேதிக்கு மேல் போங்கள், அப்போதுதான் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். போவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவாகியிருக்கும் செல் நம்பரும் இமெயிலும் உங்களுடையதுதானா? எங்களுக்கு முன்பு கணக்குப் பார்த்தவர் தன் நம்பரையே போட்டுவைத்திருந்தார், ஓடிபி எல்லாம் அவருக்கே போனது, நோட்டீஸ் எச்சரிக்கையும் அவருக்கே. பழைய ஆளோடு பேச்சுவார்த்தை இருந்தால் ஓடிபி வாங்கி நீங்களே போர்ட்டலில் மாற்றிவிடலாம். இல்லையென்றால் ஆதார், பான், கடை முகவரிச் சான்றோடு உங்கள் சரக வணிகவரி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், அவர்கள் மாற்றித் தருவார்கள்.